கடைசிப் பந்தி

ஒரு சிறிய வங்கியின் தலைவர் திருவேங்கடம் மடத்துக்கு வந்தார். அறுபது வயது. அவருடைய குரு மங்களாம்பிகைக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. வாய் மட்டும் பெரியது.

"திங்கக்கிழமை கையெழுத்துப் போடணும்மா. மனசு ஒப்பலை."

"எதுல?"

"நாங்க நூறு ரூபா கடன் குடுத்தா, தொண்ணூத்தேழு ஊரார் போட்ட பணம். மூணுதான் பங்காளிங்க போட்ட சொந்தப் பணம். சில வருஷம் லாபத்தை எடுக்காம உள்ளேயே விட்டா, மூணைப் பத்தாக்கலாம். ஆனா அவங்க லாபத்தைப் பிரிச்சுக் குடுக்கக் கையெழுத்துப் போடுங்கறாங்க. மூணே போதுமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உங்களைக் கேட்டுச் சொல்றேன்னேன்."

"நல்ல தைரியம். போய் டோக்கன் குடுங்க."

அன்று குருபூஜை. நூறு பேருக்குச் சமையல். ஊராருக்குத் தொண்ணூறு டோக்கன். கடைசிப் பந்தியில் மடத்துக்காரர்கள் பத்துப் பேர், மங்களாம்பிகையும் சேர்த்து.

தொண்ணூறும் தீர்ந்ததும் திருவேங்கடம் திரும்பி வந்தார்.

"கடைசிப் பந்திக்கு மூணு பேர் போதாதா? மத்த ஏழு பேர் வீட்டுல சாப்பிட்டுக்கட்டும். இன்னும் ஏழு டோக்கன் குடுத்துடலாம். புண்ணியம்தானே?"

"வேணாம்."

"ஏழு இலை சும்மா..."

"டோக்கன் குடுத்தா சோறு போடணும், ஐயா. வேணாம்."

இரண்டாம் பந்தி நடக்கும்போது சோற்று அண்டாவைத் தூக்கி வந்தவன் கால் இடறியது. பாதி சேற்றில். சமையல்காரர் மிச்சத்தைப் பார்த்தார்.

"பத்து இலைக்குக் குறையும்மா."

"சரி. பரிமாறுங்க."

டோக்கன் வாங்கிய தொண்ணூறு பேரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. ஓர் அம்மாள் கூட்டில் உப்புக் கம்மி என்று குறை வேறு சொல்லிவிட்டு வெற்றிலையோடு போனார்.

கடைசிப் பந்தி உட்கார்ந்தது. பத்து இலை. இலைக்கு ஒரு பிடி அவல், மோர், பச்சைமிளகாய்.

"போன தடவை மிளகாய்கூடக் கிடையாது" என்றார் சமையல்காரர். எல்லோரும் சிரித்தார்கள். மங்களாம்பிகை ரசித்துச் சாப்பிட்டார்.

திருவேங்கடம் இலைகளை எண்ணினார். மூன்றாவது இலையில் விரல் நின்றது. அதற்கப்புறம் இருந்த ஏழையும் வெகுநேரம் பார்த்தார்.

"அம்மா, பங்காளிங்ககிட்ட என்ன சொல்லட்டும்?"

மங்களாம்பிகை மோரை உறிஞ்சி முடித்தார்.

"ஒண்ணும் சொல்ல வேணாம். அவங்க எந்தப் பந்தியில உக்காந்திருக்காங்கன்னு தெரியுமான்னு மட்டும் கேளுங்க."