கொடிக்கு எந்தப் பூ?

முன்னொரு காலத்தில் கூடலம்பாடி நாட்டைக் கோதண்டவர்மன் என்ற ராஜா ஆண்டான். காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு என்றிருப்பவன். தன் நாட்டுக் கொடியில் பொறித்திருந்த தாமரை ஒருநாள் அவனுக்குச் சலித்துப் போயிற்று.

"நந்தவனத்து அரளி, செம்பருத்தி இரண்டில் ஒன்று கொடிக்கு. ஆளுக்கொன்றைப் புகழுங்கள். எதிராளியின் பூவைப் பழித்தால் தலை போகும். தோற்றவர் நாட்டை விட்டே போகட்டும்" என்று அமைச்சர் மருதவாணரிடமும் அரசவை அதிகாரி சபாபூஷணரிடமும் சொன்னான்.

மருதவாணரின் அமைச்சர் பதவிமேல் சபாபூஷணருக்கு வெகுநாளாகக் கண். அவர் முந்திக்கொண்டார். "மகாராஜா, அரளி தண்ணீரில்லாமலும் பூக்கும். சீக்கிரம் வாடாது. ஆடு மாடுகூட வாய் வைக்காது. தங்களைப் போலவே, யாரும் நெருங்க முடியாத செடி."

ராஜா மீசையை நீவிக்கொண்டான். மருதவாணருக்கு மிஞ்சியது செம்பருத்தி. அதுவோ மாலைக்குள் சுருங்கிவிடும். எந்த ஆடும் மேய்ந்துவிட்டுப் போகும். அரளி விஷம் என்றால் பழிப்பாகிவிடும். சொல்லாவிட்டால் ராஜாவின் உயிருக்கே ஆபத்து. ஏனென்றால் கொடிப்பூ ஊறிய தீர்த்தத்தை ராஜா குடித்த பிறகே கொடியேற்றுவது அந்நாட்டு வழக்கம். பதவி ஆசையில் சபாபூஷணர் அதை அடியோடு மறந்திருந்தார்.

"எனக்குப் புகழத் தெரியாது, மகாராஜா" என்றார் மருதவாணர். "இரண்டு தீர்த்தமும் வரட்டும். கொண்டுவந்தவர் முதலில் ஒரு வாய் குடிப்பதுதானே முறை?"

கிண்ணங்கள் வந்தன. மருதவாணர் செம்பருத்தித் தீர்த்தத்தை மடமடவென்று குடித்தார்.

"நீரும் குடியும்" என்றான் ராஜா.

சபாபூஷணருக்கு முகம் வெளுத்தது. குடித்தால் உயிர் போகும். மறுத்தால் ராஜாவுக்கே விஷம் வைக்கப் பார்த்தவர் என்றாகும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கிண்ணத்தை உதட்டருகே கொண்டுபோனார்.

மருதவாணர் பாய்ந்து அதைத் தட்டிவிட்டார். "அது விஷம். பழித்துவிட்டேன், மகாராஜா. என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள்."

சபாபூஷணர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். "தீர்த்தத்தை மறந்துவிட்டேன், மகாராஜா. பதவி ஆசை கண்ணை மறைத்துவிட்டது."

ராஜா சிங்காசனத்தை விட்டு இறங்கி வந்தான். பிறகு, "உம்மை ஒழிக்க நினைத்தவனுக்காகத் தலையைக் கொடுக்க வந்தீரே, அந்தத் தலை இந்த நாட்டுக்கு வேண்டும்" என்று தன் முத்துமாலையை மருதவாணருக்குப் போட்டான். "ஆடு வாய் வைக்காது என்றபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆட்டுக்கு இருக்கிற புத்தி எனக்கில்லை."

செம்பருத்தி கொடிக்குப் போயிற்று. அரளி கோட்டை வேலிக்குப் போயிற்று, அதை நட்டு வளர்க்கும் வேலை சபாபூஷணருக்கு. அன்றுமுதல் கூடலம்பாடியில் கொடியேற்றும் நாளன்று முதல் மரியாதை ஆட்டுக்குத்தான். அது பூவைத் தின்ற பிறகே அமைச்சர் குடிப்பார், அதற்கும் பிறகுதான் ராஜா.