சவரிமுத்து வாங்கிய மூன்று மதிப்பெண்கள்

திண்டுக்கல் பக்கம் ஒரு தனியார் பேருந்து நிறுவனத்தில் ஓட்டுநராக இருந்தவர் சவரிமுத்து. ஐம்பத்தைந்து வயது. வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்து, தலையில் அடிபட்டு, மருத்துவமனையில் கிடந்து எழுந்தவர். காயம் ஆறி வேலைக்குப் போனால் மேலாளர் கதிரேசன் சாவியைத் தரவில்லை. மற்ற ஓட்டுநர்கள் எல்லாரும் எழுதிமுடித்த கவனச் சோதனையை எழுதிவிட்டு வரச் சொன்னார்.

தாள் முழுக்கச் சின்னச் சின்ன உருவங்கள். கேட்ட உருவத்தை மட்டும் தேடி, நேரத்துக்குள் அடித்துக்காட்ட வேண்டும். சவரிமுத்து அறுபதுக்கு நாற்பத்தாறு அடித்தார். முக்கால் பங்குக்கு மேல் வாங்கியவருக்கு என்ன குறை, வண்டியை எடுக்கட்டும் என்றார் கதிரேசன்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. மருத்துவமனை உளவியலாளர் செம்மலர் அதே தாளுக்கு ஐம்பது போட்டார். ஒரு கூட்டத்தின் சராசரி எதுவோ, அதை ஐம்பது என்று வைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். அடிபடாத ஐம்பத்தைந்து வயதுக்காரர்களின் சராசரி சரியாக நாற்பத்தாறு. ஆகவே மூளைக்குப் பழுதில்லை, வண்டி ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

நிறுவனத்தின் உளவியலாளர் ஹபீப் போட்டது முப்பத்தேழு. அவரும் அதே வழக்கப்படிதான் கணக்கிட்டார். ஆனால் அவர் ஒப்பிட்டது, பேருந்து ஓட்டிக்கொண்டிருக்கும் எல்லா வயது ஓட்டுநர்களோடும். அவர்களுடைய சராசரி ஐம்பத்துநான்கு. அவர்கள் மதிப்பெண்கள் நெருங்கி நெருங்கிக் கிடந்ததால், எட்டு குறைந்ததே இந்தக் கணக்கில் பதின்மூன்று குறைவாக ஆனது. அவர் கணக்கில் நாற்பதுக்குக் கீழே இறங்கியவர்கள், எந்த வயதானாலும், அதிகமாக வண்டியை மோதியிருந்தார்கள். வண்டி தரக்கூடாது என்று எழுதினார்.

சவரிமுத்து இங்கும் அங்குமாக அலைந்தார். என்னதான் சொன்னார்கள் என்று வீட்டில் கேட்டால் எரிந்து விழுந்தார். கடைசியில் மூவரும் கூடியிருந்த அறைக்குள் போய் நின்றார்.

"நான் எழுதினது ஒரே தாள் சார். அதையே இந்த ஆஸ்பத்திரி அம்மா ஐம்பதுங்கிறாங்க, இவர் முப்பத்தேழுங்கிறார். என் தலை கெட்டுப்போச்சா இல்லையா? நான் ஸ்டியரிங்கைத் தொடலாமா கூடாதா? யாராவது ஒருத்தர் தெளிவாச் சொல்லுங்க."

ஒருவரும் தம் பேச்சிலிருந்து இறங்கி வரவில்லை. கூட்டல் கழித்தலில் யாரும் பிழை செய்யவும் இல்லை. அப்படியானால் சவரிமுத்துவிடம் வண்டியைத் தரலாமா என்பதற்கு, இந்த மூவரில் யார் சொன்னது சரி?

விடை: ஹபீப் சொன்னதே சரி. வெறும் நாற்பத்தாறு நல்லதா கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. கதிரேசன் அதை எதோடும் ஒப்பிட்டுப் பார்க்கவே இல்லை. செம்மலரின் ஐம்பது, விழுந்ததில் மூளை கெட்டதா என்ற கேள்விக்குச் சரியான பதில். அதை வண்டி ஓட்டுவதற்கும் சேர்த்து எழுதியதுதான் அவர் தவறு. வண்டி ஓட்டுகிறவர்களோடும் மோதல் கணக்கோடும் ஒப்பிட்டவர் ஹபீப் மட்டுமே. எதிரே வருகிறவர் ஓட்டுநரின் வயதைப் பார்த்து ஒதுங்கிப் போவதில்லை. இதெல்லாம் விளங்கியபிறகும் சவரிமுத்துவுக்கு ஆற்றாமை தீரவில்லை. அடிபட்டுக் கவனம் போயிருந்தால் மருந்து கேட்டிருப்பார். வயதால் போனதற்கு யாரிடம் போய்க் கேட்பது? பேருந்து நிலையத்தில் நேரம் பார்க்கும் வேலை கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டார். தான் ஓட்டிய வண்டி வேறொருவர் கையில் புறப்படும்போது மட்டும், டீக்கடைப் பக்கம் திரும்பி நின்றுகொள்வார்.