அவுக என்றால் எத்தனை பேர்?

ஒரே ஒரு சொல் இரண்டு பேரைத் தூக்குமேடைக்கு அனுப்பிய கதை இது. காதைக் கொடுத்துக் கேளுங்கள். கடைசியில் நான் ஒன்று கேட்பேன். அப்போது திருதிருவென்று விழிக்கக் கூடாது.

வெள்ளைக்காரன் காலம். மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே கொழுந்து பறிக்கிற சடைச்சியின் புருஷன் குப்பாண்டி, ஒரு மாலை அவன் வீட்டு வாசலிலேயே கட்டையால் அடித்துக் கொல்லப்பட்டான். பிடிபட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர், குப்பாண்டியின் அண்ணன் வீரணக் கங்காணி. இன்னொருவன், சடைச்சியின் கூடப்பிறந்த தம்பி சன்னாசி. அடியைத் தடுக்கப் போனவன் அவன். சட்டையெல்லாம் ரத்தம், அதனால் அவனையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். போதாததற்கு, போன மாதம்தான் ஆட்களைத் திரட்டி ஒருவரையும் வேலைக்குப் போகவிடாமல் நிறுத்தியிருந்தான். தோட்டத்துத் துரைக்கு அவனைக் கண்டாலே ஆகாது.

கண்ணால் பார்த்த சாட்சி சடைச்சி ஒருத்திதான். புருஷன் போய்விட்டான், தம்பியையாவது மீட்டுவிட வேண்டும் என்றுதான் அவள் கூண்டேறினாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. நீதிபதிக்கும் வக்கீல்களுக்கும் தமிழ் தெரியாது. நடுவில் நின்றவர் மொழிபெயர்ப்பாளர் அருமைநாயகம்.

இங்கேதான் சங்கதி இருக்கிறது. புருஷனின் அண்ணன் பெயரைச் சடைச்சி வாயால் சொல்ல மாட்டாள். அவர்கள் வழக்கம் அப்படி. அவரை "அவுக" என்பாள். தம்பியை "அவன்" என்பாள். "அவுக" மரியாதைக்கு ஒருவரையும் குறிக்கும், பல பேரையும் குறிக்கும். இங்கிலீஷில் அந்த மரியாதையெல்லாம் கிடையாது. ஒருவன் என்றால் 'ஹீ', அவனுடையது என்றால் 'ஹிஸ்', அவனை என்றால் 'ஹிம்'. பல பேர் என்றால் 'தே'. ராஜாவே வந்தாலும் அவர் 'ஹீ'தான்.

காலையில் சடைச்சி சொன்னாள்: "அவுக எங்க வீட்டுக்கு வந்தாக. கஞ்சி குடிச்சாக. பொறவு தம்பியும் வந்தான்."

'ஹீ' வந்தார், 'ஹீ' குடித்தார் என்று அருமைநாயகம் பிசகில்லாமல் இங்கிலீஷில் சொன்னார். மதியம் கோர்ட் கலைந்தது. அவருக்குச் சாப்பாடு துரை பங்களாவில்.

சாப்பிட்டு வந்த பிறகு அந்தக் கேள்வி வந்தது. "உன் புருஷனை அடித்தது யார்?"

சடைச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அவுகதான் சாமி அடிச்சாக. என் கண்ணால பாத்தேன்."

அருமைநாயகம் இப்போது 'தே' என்றார்.

சன்னாசி தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் 'ஹீ, ஹிஸ், ஹிம். தே, தெயர், தெம்' என்று மனப்பாடம் செய்தவன். 'தே' என்றால் தானும் அதில் சேர்த்தி என்று அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. இங்கிலீஷில் முழு வாக்கியம் வாயில் வரவில்லை. கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஹீ! ஹீ! ஹீ!" என்று அலறினான்.

நீதிபதிக்கு முகம் சிவந்துவிட்டது. அக்காள் தாலியறுத்து அழுகிறாள், இந்தப் பயல் ஹீ ஹீ என்று சிரிக்கிறானே என்று நினைத்தார். சடைச்சியிடம் மறு கேள்வி கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தூக்கு என்றார். அந்த வார்த்தையும் சடைச்சிக்குப் புரியவில்லை. நீதிபதியைக் கும்பிட்டுவிட்டு, தம்பியை வீட்டுக்குக் கூட்டிப்போக வாசலில் போய்க் காத்திருந்தாள், பாவி மகள்.

பெயரைச் சொல்லாத சடைச்சி, 'தே' என்ற அருமைநாயகம், அலறலைச் சிரிப்பென்று எடுத்துக்கொண்ட நீதிபதி. இப்போது சொல்லுங்கள், சன்னாசியைக் கொன்றது இந்த மூவரில் யார்?

விடை: சடைச்சி என்று சொன்னவர் யாராவது இருந்தால் எழுந்து போய்விடுங்கள். நீதிபதி அவசரக்காரர், சந்தேகமில்லை. ஆனால் காதில் போட்டதைக் கேட்டுத்தான் கெட்டார். கொன்றவர் அருமைநாயகம். தெரியாமல் செய்தார் என்று சொல்ல வழியே இல்லை. காலையில் கஞ்சி குடித்தபோது ஒருவராக இருந்த 'அவுக', துரை வீட்டுச் சோற்றுக்குப் பிறகு எப்படி இரண்டு பேர் ஆனார்கள்? சன்னாசி ஜெயிலில் இருந்து எடுத்துச் சொன்ன பிறகுதான் சடைச்சிக்கு நடந்தது விளங்கியது. தூக்கிலிட்ட அன்று காலை அவள் ஜெயில் வாசலில் நின்று, மாரில் அடித்துக்கொண்டு, "வீரணன்! வீரணன்தான் அடிச்சான்! அவன் ஒருத்தன்தான்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அதை இங்கிலீஷில் சொல்ல அங்கே ஆள் இல்லை.