‘என் வீடு’ என்றால் யார் வீடு

அந்தப் பின்னலாடைக் கம்பெனி அலுவலகத்தில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர். அவரவர் பெயரில் உள்ளே நுழைந்து வேலை பார்ப்பார்கள். ஒருநாள் மேலாளர் தாண்டவராயன் நுழைந்ததும் திரையில் விளம்பரமாகக் கொட்டியது. வேண்டாத மென்பொருளை யாரோ ஏற்றிவிட்டார்கள் என்று கத்தினார். தற்காலிக வேலையில் இருந்தவள் செண்பகவல்லி ஒருத்திதான். பழி அவள் மேல் விழுந்தது.

“மதியத்துக்குள்ள இதை அழிக்கணும். இல்லைன்னா நாளைக்கு வராதே” என்று நீக்கும் முறை அச்சடித்த தாளை நீட்டினார். கம்ப்யூட்டரின் தேடல் கட்டத்தில், இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே ‘யூசர் புரொஃபைல்’ என்று அடித்து, திறக்கும் ஃபோல்டரில் தேடி அழிக்கச் சொன்னது தாள்.

செண்பகவல்லி தன் பெயரில் நுழைந்து அடித்தாள். தேடினாள். ஒன்றும் இல்லை.

“மறைக்கிறே” என்றார் மேலாளர். அதற்குள் அலுவலகமே கூடிவிட்டது.

“இல்லைங்க சார். தாள்ல இருக்கிற இந்த வார்த்தை ‘என் வீடு’ன்னு சொல்ற மாதிரி. நான் சொன்னா என் வீடுதான் திறக்கும், நீங்க சொன்னா உங்க வீடு. என் வீட்டைத் தேடியாச்சு. நீங்களும் ஒருதரம் அடிச்சுப் பாருங்க.”

மேலாளர் வழுக்கையைத் தடவிக்கொண்டே தன் பெயரில் நுழைந்து, அதே வார்த்தையை அடித்தார். ஃபோல்டர் திறந்தது. உள்ளே, போட்டோவில் முடி வைத்துத் தரும் இலவச மென்பொருளின் ஃபோல்டர் ஒன்று. அதற்குள் சுருட்டை முடித் தாண்டவராயன்கள் பதினாறு பேர்.

யாரும் சிரிக்கவில்லை. சம்பள நாள் பக்கத்தில் இருந்தது.

செண்பகவல்லி மட்டும் பணிவாகக் கேட்டாள். “இந்த மென்பொருள் ஃபோல்டரை அழிச்சா தலைமுடியும் சேர்ந்து போயிடும் சார். அழிச்சிடட்டுங்களா?”