ஐந்தாம் தூண்

“நாலு இடம் பார்த்தேன் அம்மா. நாலுலயும் முடியாதுன்னுட்டாங்க.”

நல்லபெருமாள் செருப்பைக் கழற்றாமலே மடத்து நந்தவன வாசலில் நின்று சொன்னார்.

அம்மா பவழமல்லி மரத்தடியில் குனிந்து பூப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தரையில் விழுந்ததை எடுத்துப் பூசைக்கு வைக்கலாம் என்றிருக்கும் பூ அது.

“செருப்பைக் கழற்றிட்டு வாங்க. கோபத்தை வேணும்னா கொண்டு வாங்க” என்றாள்.

அவர் இரண்டையும் வாசலில் விடப் பார்த்தார். செருப்பு மட்டும் நின்றது.

அவருக்கு அறுபத்தொரு வயது. அவளுக்கு நாற்பத்துநாலு. மடத்துக்குத் தலைவி என்றாலும், தன் கடைசித் தங்கையைவிட இளையவளை அம்மா என்று கூப்பிட முதல் வருடம் நாக்கு கூசியது. பிறகு பழகிவிட்டது.

முப்பது வருடத்துக்கு மேல் சர்வேயராக இருந்தவர். சங்கிலி பிடித்து ஊரையே அளந்தவர். அதனால்தான் இந்த வேலை அவரிடம் வந்தது.

ஆற்றுப் பாலத்துக்கு அடியில் நாற்பத்தொரு பேர் படுத்திருந்தார்கள். ஐப்பசியில் ஆறு பெருகும். போன வருடம் பெருகியபோது ஒருவரைக் கொண்டுபோயிற்று.

மழைக்கு முன் அவர்களுக்கு ஒரு தகரக் கொட்டகை வேண்டும். ஆறு மாதத்துக்கு. மடம் போட்டுத் தரும். இடத்தை நல்லபெருமாள் பார்க்க வேண்டும்.

மழைக்கு மூன்று வாரம் இருந்தது.

“யார் யார் என்ன சொன்னாங்க?”

“பள்ளிக்கூடத்துக்குப் பின்னால கேட்டேன். பிள்ளைங்க இருக்கற இடம்னாங்க.”

“பாலத்தடியிலயும் பிள்ளைங்க இருக்கே.”

“சொன்னேன். அது வேற பிள்ளைங்கன்னாங்க.”

அம்மா ஒரு பூவை எடுத்து ஊதி மண் போக்கினாள்.

“சந்தைப் பக்கம் கேட்டேன். வியாபாரம் படுத்துடும்னாங்க. கோயில் மைதானத்துல கேட்டேன். திருவிழா வருதுன்னாங்க. எப்போன்னேன். ஆடியிலன்னாங்க.”

“இப்போ புரட்டாசி.”

“அதையும் சொன்னேன். இப்பவே ஏற்பாடு பண்ணணுமாம்.”

“நாலாவது?”

“மருந்துக்கடைக்குப் பின்னால ஒரு காலி மனை. சொந்தக்காரர் ரொம்ப நல்லவர் அம்மா. உட்கார வச்சுக் காப்பி கொடுத்தார். டம்ளரை வாங்கி உள்ள வச்சுட்டு வந்து, இல்லைன்னார்.”

அம்மா சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது.

சட்டைப்பையில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. கை அதைத் தொட்டது. எடுக்காமல் திரும்பியது.

“அஞ்சாவதா ஒரு இடம் கிடைச்சிருக்கு” என்றார். “பழைய செங்கல் சூளை மேடு. நல்ல உயரம். எந்த வெள்ளமும் ஏறாது. அடிகுழாய் இருக்கு. வேப்ப மரம் இருக்கு. யாருக்கும் ஆட்சேபம் இல்லை.”

“எவ்வளவு தூரம்?”

“ஆறு கிலோமீட்டர்.”

“பக்கத்துல யார் இருக்காங்க?”

“யாரும் இல்லை. அதனாலதான்...”

அவர் நிறுத்திக்கொண்டார்.

“சரி. போய் அவங்ககிட்டக் கேளுங்க” என்றாள் அம்மா.

*

பாலத்துத் தூண்களில் கறுப்புச் சாயத்தில் எண் எழுதியிருந்தது. எழுதியவன் பாலத்துக்காக எழுதினான். படுத்திருந்தவர்கள் அதைத் தங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் தூண் தாத்தா. நாலாம் தூண் குடும்பம். தபால்காரர்கூடத் தூண் எண் பார்த்துத்தான் சைக்கிளை நிறுத்துவார்.

ஏழாம் தூணில் இசக்கியம்மாள் இருந்தாள். சந்தையில் வெங்காயம் தரம் பிரிக்கிறவள். தகரப்பெட்டி மேல் உட்கார்ந்து தலை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

நல்லபெருமாள் சூளை மேட்டைப் பற்றி எல்லாம் சொன்னார். உயரத்தை அடிக்கணக்கில் சொன்னார்.

“அங்கன பஸ் உண்டா?”

“காலைல ஒம்பது மணிக்கு ஒண்ணு இருக்கு.”

“வெங்காய லாரி நாலு மணிக்கு வரும்யா. ஒம்பது வரைக்கும் அதைப் பிடிச்சு நிப்பாட்டி வச்சிக்கிடுவியளா?”

நாலாம் தூணிலிருந்து ஒருத்தி சிரித்தாள். தாத்தா பல்லில்லாமல் சிரித்தார்.

“தற்காலிகம்தான் தாயி.”

“அப்படின்னா?”

“கொஞ்ச நாளைக்கு.”

“இங்கயும் கொஞ்ச நாளைக்குன்னுதான் வந்தோம். பதினோரு வருசம் ஆச்சு.”

“மழை வந்தா தண்ணி ஏறும். போன வருஷம் பார்த்தீங்கள்ல?”

இசக்கியம்மாள் முடியைக் கோதுவதை நிறுத்தினாள்.

அங்கிருந்து இரண்டு தூண் தள்ளி ஒன்று காலியாக இருந்தது. ஐந்து என்று எழுதியிருந்தது. அடியில் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது.

“அண்ணாச்சி அங்கனதான் படுத்திருப்பாவ” என்றாள். “தண்ணி வந்ததும் எல்லாரும் கத்துனோம். மேல பாலத்துல போனவன் காதுல விழுந்து கயிறு போட்டான். அண்ணாச்சிக்கு எட்டல. எங்களுக்கு எட்டுச்சு. அதான் நாப்பத்தொண்ணு பேரு மிச்சம்.”

நல்லபெருமாள் பாலத்தை அண்ணாந்து பார்த்தார்.

“உங்க மேட்டுக்குத் தண்ணி வராதுய்யா. நெசந்தான். ஆனா அங்கன நின்னு கத்துனா யாருக்குக் கேக்கும்?”

*

“வர மாட்டேங்கறாங்க” என்றார் மடத்துக்குத் திரும்பி. “நல்லது எதுன்னு அவங்களுக்குத் தெரியலை அம்மா.”

“வெயில்ல வந்திருக்கீங்க. சாப்பிடப் போங்க.”

பந்தி உட்கார்ந்திருந்தது. அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் இலை இல்லை.

“உங்களுக்கு இலை மாட்டுக் கொட்டிலுக்கு அந்தப் பக்கம் போட்டிருக்கு” என்றார் பரிமாறுகிறவர், முகத்தைப் பார்க்காமல்.

அவர் அம்மாவிடம் வந்தார்.

“நான் என்ன தப்புப் பண்ணினேன்?”

“ஒண்ணுமில்லை. அங்கே மேடு. நிழல் இருக்கு. யாருக்கும் ஆட்சேபம் இல்லை.”

முதல் நாள் சோறு வந்தது. குழம்பு ஆறிப்போய் வந்தது.

இரண்டாம் நாள் மோர் வரவில்லை. மறந்துவிட்டார்கள். பந்தியில் யாரோ ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தது மட்டும் கொட்டிலைத் தாண்டி வந்தது. என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. அன்று முழுக்க அது என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் விக்கல் எடுத்தது. சோறு நெஞ்சில் நின்றது. செம்பில் தண்ணீர் வைக்கவில்லை.

“தண்ணி” என்றார்.

மாடு திரும்பிப் பார்த்தது.

இன்னொரு முறை, உரக்க, “தண்ணி” என்றார்.

மாடு மறுபடி புல்லைப் பார்த்துக்கொண்டது.

கண்ணில் நீர் கோர்க்க, தொட்டிக்குப் போய் மாட்டுக்கு வைத்த தண்ணீரை இடது கையால் அள்ளிக் குடித்தார். விக்கல் நின்றது. அவர் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார்.

பிறகு கை கழுவாமல் நந்தவனத்துக்கு நடந்தார்.

*

சமாதி மேடைக்குப் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன் மடத்தை நடத்திய பெரியவர் அங்கேதான் அடங்கியிருந்தார். ஒன்பது வயதில் மடத்து வாசலில் வந்து நின்ற அவளை வளர்த்தவர். பவழமல்லி அவர் வைத்தது. மேடையைச் சுற்றி வேலி வரைக்கும் நந்தியாவட்டையும் அரளியும் அவள் வைத்தவை. தினமும் விடிகிற நேரத்தில் அவள் இங்கே உட்காருவாள். மடத்தில் அவளுக்கென்று இருந்த இடம் இது ஒன்றுதான்.

வேலிக்கு அந்தப் பக்கம் தெரு. தெருமுனையில் சந்தை.

நல்லபெருமாள் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். எச்சில் கை பட்டு ஓரத்தில் மஞ்சளாயிற்று.

“பழைய நில ஏட்டுல இருந்து எழுதிக்கிட்டு வந்தேன் அம்மா. இந்த இடம் அதுல நந்தவனம்னு இல்லை.”

“என்னன்னு இருக்கு?”

“நத்தம்.”

அவள் வேலிப் பக்கம் பார்த்தாள்.

“நஞ்சைன்னா நெல்லு. புஞ்சைன்னா சோளம். நத்தம்னா...” அவர் காகிதத்தை மடித்தார். “நத்தம்னா ஜனங்க குடியிருக்கற இடம் அம்மா. மடம் வர்றதுக்கு முன்னாடி இங்கே பதினாறு குடிசை இருந்திருக்கு.”

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“முதல் நாளே.”

“நாலு வாசல்ல போய் நின்னீங்க. இந்த வாசல்ல ஏன் கேட்கலை?”

அவர் மேடையைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். கடைசியில் அவளைப் பார்த்தார்.

“நீங்க உட்கார ஒரு இடம் வேணுமே அம்மா.”

ஒரு பூ விழுந்தது. மத்தியானத்தில் விழாத பூ. அம்மா அதை எடுக்கவில்லை.

“எனக்கும் தெரியும்” என்றாள். “பெரியவர் சொல்லியிருக்கார். நீங்க சொல்லிடுவீங்களோன்னு பயந்தேன். சொல்லாம விட்டுடுவீங்களோன்னும் பயந்தேன்.”

எழுந்தாள். சுவரில் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்தாள். வாசலை ஒட்டிய நந்தியாவட்டையின் வேரில் முதல் வெட்டை அவளே வெட்டினாள்.

அவர் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

“நாளைக்கு என் இலை எங்கே அம்மா?”

“பந்தியில. எனக்குப் பக்கத்துல.”

*

தெருக்காரர்கள் ஏழு பேர் வந்தார்கள்.

“அம்மா, இங்கே வீடுங்க இருக்கு.”

“ஆமா. இன்னும் கொஞ்சம் வரப்போகுது.”

“நாங்க உங்களுக்காகத்தான் சொல்றோம். பூச்செடி எல்லாம் போயிடுமே.”

“ஆளுக்கு ரெண்டு எடுத்துட்டுப் போய் உங்க வாசல்ல வைங்க. நல்லாப் பூக்கும்.”

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் ஒரு அரளியை வேரோடு எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் பழைய பாய் இரண்டைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, நிற்காமல் போனாள்.

பதினாறாம் நாள் தகரம் போட்டு முடிந்தது. மேடையும் பவழமல்லியும் நின்றன. மற்றதெல்லாம் போயிற்று.

நல்லபெருமாள் கறுப்புச் சாயம் வாங்கி வந்தார். கொட்டகைக் கால்களில் ஒன்று, இரண்டு என்று எழுதினார். ஒன்பது வரை எழுதினார். ஐந்துக்கு வந்தபோது கை சற்று நின்றது. அதையும் எழுதினார்.

*

பாலத்தடிக்காரர்கள் வந்த அன்று வானம் இருண்டிருந்தது.

யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. எண் பார்த்து அவரவர் இடத்தில் மூட்டையை இறக்கினார்கள். தாத்தா இரண்டாம் காலைத் தட்டிப் பார்த்தார்.

“பாலத்துத் தூண் இத்தனை ஒல்லி இல்லையே.”

“உனக்கு இது போதும் தாத்தா. நீ என்ன லாரியா?” என்றது நாலாம் தூண்.

இசக்கியம்மாள் தகரப்பெட்டியை ஏழாம் காலடியில் வைத்தாள். சுற்றிப் பார்த்தாள். ஐந்தாம் காலடியில் பாய் விரிக்காமல் தரை அப்படியே இருந்தது. துடைப்பத்தை எடுத்துப் போய்ப் பெருக்கினாள்.

சாரல் விழத் தொடங்கியது.

கொட்டகைக்கு வெளியே, பவழமல்லிக்குக் கீழே, ஒரு பெண் நின்றிருந்தாள். சேலையெல்லாம் மண். கையில் மண்வெட்டி. தோள் நனைந்திருந்தது. மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நல்லபெருமாள் குடை எடுக்க ஓடினார். அதற்குள் இசக்கியம்மாள் பார்த்துவிட்டாள்.

“ஏ தாயி, நீ எந்தத் தூணு?”

அம்மா திரும்பினாள்.

“எனக்குத் தூண் இல்லை அக்கா. இப்பதான் வந்திருக்கேன்.”

இசக்கியம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

“அதுக்கு ஏன் நனைஞ்சுக்கிட்டு நிக்க? உள்ள வா. அஞ்சாம் தூணு காலியாத்தான் கெடக்கு.”