மினுக்கி மறக்காத ஒன்று

ஓர் ஏரிக்கரைக் காட்டில் விலங்குகளுக்கென்று ஒரு கல்லூரி இருந்தது. அங்கே மினுக்கி என்றொரு அரணை படித்தாள். மேனி வெயிலில் மினுமினுக்கும். மண்டையில்தான் எதுவும் தங்காது. காலையில் கேட்ட பாடம் உச்சிப் பொழுதில் போய்விடும்.

அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம். படிப்பு முடிகிற நாளில் ஒவ்வொருவரும் கரையோரப் பாறையில் ஏறி, தான் எதை நம்பி வாழ்கிறார் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். சொன்னவருக்குக் கரையில் குடியிருக்க இடம் கிடைக்கும். மினுக்கி போன ஆண்டு பாறையில் ஏறி, வாயைத் திறந்து, மூடி, இறங்கி வந்தவள். இந்த முறையும் அப்படியே இறங்கினால் மழைக்கு முன்னால் காட்டைவிட்டுப் போக வேண்டும்.

“எனக்கு என்ன நம்பிக்கை இருக்கிறதென்றே தெரியவில்லை” என்று கூடப் படித்த கீரி செங்கண்ணனிடம் புலம்பினாள்.

“நம்பிக்கையெல்லாம் உள்ளே தேடிக்கொண்டிருந்தால் கிடைக்குமா? நன்றாக ஒலிக்கிறதாகப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்” என்றான் செங்கண்ணன். “என்னிடம் இரண்டு இருக்கிறது. ஒன்றை உனக்குத் தருகிறேன். ‘அஞ்சாமையே அறிவுக்கு அழகு.’ எங்கே, சொல்லு.”

“அஞ்சாமையே அறிவுக்கு அழகு.”

“அவ்வளவுதான். வழியில் கொட்டிவிடாதே!” என்று சிரித்துவிட்டு அவன் முன்னால் ஓடினான்.

மினுக்கி வாக்கியத்தை முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள். மறந்துவிடுமோ என்ற பயத்தில் காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை. அஞ்சாமையே அறிவுக்கு அழகு. அஞ்சாமையே அறிவுக்கு அழகு.

பாதை நடுவில் ஒரு வண்டு மல்லாந்து கிடந்தது. கால்கள் காற்றைப் பிறாண்டிக்கொண்டிருந்தன.

“அக்கா, கொஞ்சம் திருப்பி விடுங்கக்கா. வெயிலு தாங்கலை.”

மினுக்கி மூக்கை அதன் முதுகுக்கு அடியில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினாள். வண்டு புரண்டு நிமிர்ந்தது. அப்போதுதான் அவளுக்குத் தன் பசி ஞாபகம் வந்தது. பாய்ந்து துரத்தினாள். வண்டு கள்ளிப் புதருக்குள் ஓடித் தப்பியது.

திரும்பிப் பாதைக்கு வந்தாள். எங்கே போய்க்கொண்டிருந்தோம்? பாறைக்கு. எதற்கு? சொல்வதற்கு. எதை?

ஒன்றும் இல்லை. காலிச் சட்டிபோல இருந்தது மண்டை.

அவள் போய்ச் சேர்ந்தபோது பாறைமேல் செங்கண்ணன் நின்றிருந்தான். “எளியவருக்குத் துணை நிற்பதே என் வாழ்வின் கொள்கை!” என்றான். கூட்டம் ஆரவாரித்தது. அடுத்து மினுக்கியின் முறை.

ஏறினாள். வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

பேராசிரியர் முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்துக்கொண்டார். “வந்ததே தாமதம். சொல்லவும் ஒன்றுமில்லையா? வழியில் என்ன செய்துகொண்டிருந்தாய்?”

“ஒரு வண்டு மல்லாந்து கிடந்ததுங்க ஐயா. திருப்பி விட்டேன். அப்புறம் பசித்தது, துரத்தினேன்.”

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. “சோற்றைத் திருப்பிப் போட்டு ஓட விட்டிருக்கிறாள்!” என்றது ஒரு குரங்கு. “கிடந்தபடியே தின்றிருக்கலாமே, பைத்தியமே” என்றான் செங்கண்ணன்.

மினுக்கிக்கு அவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே புரியவில்லை. “மல்லாந்து கிடக்கிறதை எப்படித் தின்கிறது?” என்று கேட்டாள்.

அப்போது முதலாம் ஆண்டு மாணவர்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அதே வண்டு. மினுக்கிக்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்திருந்தது.

“ஐயா, எங்க சித்தப்பாவையும் இந்த அக்கா இப்படித்தான் திருப்பி விட்டாங்க. அப்புறம் ஓட விட்டுப் பிடிச்சுத் தின்னுட்டாங்க. எங்களுக்கு அதுலே வருத்தம்தான். ஆனா மல்லாந்து கிடக்கிறவங்க மேல இவங்க வாய் வைக்க மாட்டாங்கன்னு எங்க வீட்டிலே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.” பிறகு செங்கண்ணன் பக்கம் திரும்பியது. “அண்ணே, காலையிலே உதவி கேட்டேனே, என்னைத் தாண்டிப் போனது உங்க வாலுதானே?”

செங்கண்ணன் வாலைக் காலுக்கடியில் இழுத்துக்கொண்டான். சிரிப்பு அடங்கிவிட்டது.

முள்ளம்பன்றி மினுக்கியின் பக்கம் திரும்பினார். அவர் முட்கள் ஒவ்வொன்றாகப் படிந்தன. “இதை நீ எந்த வகுப்பில் படித்தாய்?”

“படித்திருந்தால் மறந்திருப்பேனே, ஐயா.”

அவளுக்குக் கரையில் இடம் கிடைத்தது. நாணல் நிழலில், ஏரிக்காற்று வரும் நல்ல வளை. அன்று மாலையே அவள் அதற்குப் போகும் வழியை மறந்து கரையில் இங்கும் அங்கும் அலைந்தாள்.

“இடது பக்கம், அக்கா” என்றது வண்டு, எட்டவே நின்று.

மினுக்கி வயிறு நிறைந்திருந்ததால் அதைத் துரத்தாமல், இடது பக்கம் திரும்பி வீட்டுக்குப் போனாள்.

எல்லாம் மறந்துபோன நேரத்திலும் நாம் எதைத் தவறாமல் செய்கிறோமோ, அதுவே நம் உண்மையான நம்பிக்கை.