எஞ்சினுக்குள் கீறிய சூலம்

"அந்தத் திருட்டுப் பயலுக்கு நாளைக்கு மாலை போடப் போறாங்க தாயே! நான் வாயைப் பொத்திக்கிட்டு இருக்கணுமா?"

கேட்டவன் திம்மராயன். அறுபதைத் தாண்டியவன். தலை முழுக்க நரைத்துவிட்டது. கோபத்துக்கு மட்டும் இன்னும் ஒரு நரைகூட விழவில்லை.

எல்லம்மா அவனைவிட வயதில் சின்னவர். ஓசூர் மலையடிவாரத்துப் புளியமரத்தடிதான் அவருக்கு மடம். திம்மராயனுக்கு அவர் குரு.

"எந்தப் பயல்?"

"குண்டப்பன். ஜப்பான்காரங்களோட கூட்டுச் சேர்ந்து இங்க எங்க கம்பெனி முதல் பைக் செஞ்சப்ப ஒரே வரிசையில நின்னு வேலை பார்த்தோம். இப்ப பழைய பைக் வெச்சிருக்கிறவங்க கூட்டம் போடறாங்க. முதல் எஞ்சினைச் செஞ்ச மனுஷன்னு அவனை மேடை ஏத்தறாங்க."

"அவன் செய்யலையா?"

"என்னத்தைச் செஞ்சான்! மூடியை வெச்சு ஸ்க்ரூ முடுக்கினான். கியர் கோத்தது இந்தக் கை. ஜப்பான் வாத்தியார் பார்த்துட்டு எனக்குத் தலை குனிஞ்சார். போட்டோ எடுத்தப்ப அவன் பல்லைக் காட்டிக்கிட்டு முன்னால வந்துட்டான். என் தலை அவன் தோளுக்குப் பின்னால போயிடுச்சு."

"அன்னைக்கே கேட்டிருக்கலாமே."

"கேக்கல. அதைத்தான் இத்தனை வருஷமா மென்னுக்கிட்டு இருக்கேன்."

"இன்னும் ருசி போகலையா?"

திம்மராயன் முறைத்தான். பிறகு தான் ஓட்டி வந்த வண்டியைக் காட்டினான்.

"அந்த முதல் வண்டி இதுதான். ஊர் ஊரா அலைஞ்சு வாங்கினேன். எஞ்சினுக்குள்ள ஒரு சூலம் கீறி வெச்சிருக்கேன். யாருக்கும் தெரியாது. நாளைக்கு மேடைக்கு முன்னால பிரிச்சுக் காட்டி, அவன் மூஞ்சியில கரி பூசப் போறேன்."

"நாளைக்கு எதுக்கு? இப்பவே பிரி."

அவன் அதற்காகவே காத்திருந்தவன்போல ஸ்பேனரை எடுத்தான். எண்ணெயை வடித்தான். கிக்கரைக் கழற்றினான். எஞ்சின் மூடியைத் தட்டி இழுத்தான்.

சூலம் இருந்தது.

சூலத்துக்குப் பக்கத்தில் ஒரு பிறை இருந்தது. அதற்குக் கீழே சிலுவை. அப்புறம் ஒரு மீன், கோணல்மாணலாக ஒரு 'மு', எவளோ ஒருத்தியின் பெயரில் பாதி. ஓர் ஓரத்தில் நுணுக்கமாக ஒரு ஜப்பான் எழுத்து.

மூடியைத் திருப்பினான். உட்புறத்தில் ஒரு சேவல், கொண்டையோடு. குண்டப்பன் சாப்பாட்டுத் தூக்கில் அதே சேவல்தான் இருக்கும்.

"உன் சூலத்துக்கு நிறையத் துணை இருக்கே" என்றார் எல்லம்மா.

"திருட்டுப் பசங்க!" அவன் ஸ்பேனரை மண்ணில் வீசினான். "நான் கீறினப்ப இதுல ஒண்ணுகூட இல்ல. சத்தியமா இல்ல!"

"கீறிட்டு என்ன செஞ்ச?"

"அடுத்தவன் கையில கொடுத்தேன்."

எல்லம்மா ஸ்பேனரை எடுத்து, முந்தானையில் மண்ணைத் துடைத்து அவனிடம் நீட்டினார்.

"மூடு."

மூடினான்.

"எண்ணெய் ஊத்து."

ஊற்றினான்.

"உதை."

வண்டிமேல் இருந்த கோபத்தையும் சேர்த்து உதைத்தான். எஞ்சின் படபடவென்று பிடித்துக்கொண்டது. நீலப் புகை புளியமரத்துக்குள் ஏறியது. காக்கைகள் கத்திக்கொண்டு பறந்தன.

"இந்தச் சத்தத்துல உன்னுது இருக்கா?" எல்லம்மா உரக்கக் கேட்டார்.

"இல்லாம? கியர் என்னுது! நான் இல்லாட்டி இது வெறும் இரும்பு!"

"குண்டப்பனோடதும் இருக்கா?"

"ஒரு மூடி! ஒரே ஒரு மூடி! அதுக்கு ஒரு மாலையா?"

"அப்படின்னா அவன் சத்தத்தை மட்டும் நிறுத்து."

திம்மராயன் பல்லைக் கடித்துக்கொண்டு சாவியைப் பிடித்தான்.

பிடித்தபடியே நின்றான்.

வண்டி ஓடிக்கொண்டிருந்தது.